வால்வுக்காரருக்கு ஒரு வக்காலத்து

இருபது வருஷமாக ஒரே ஆம்ப்ளிஃபயரில் பாட்டுக் கேட்டுக்கொண்டு, "எனக்கு இது போதும்" என்று சொல்லும் மனிதரை உலகம் சும்மா விடுவதில்லை. அதுவும் அந்த ஆம்ப்ளிஃபயர் வால்வு போட்டதாக இருந்துவிட்டால் போச்சு, இரண்டு பக்கமும் அடி விழும். ஒரு கோஷ்டி கையில் மீட்டரோடு வந்து நின்று, "ஐயா, நீங்கள் ரசிப்பது பாட்டை அல்ல, டிஸ்டார்ஷனை. பழகிப்போச்சு, அவ்வளவுதான்" என்று சொல்லும். இன்னொரு கோஷ்டி அவர் தோளில் கை போட்டுக்கொண்டு, "வால்வின் அந்த இனிமை இருக்கிறதே, டிரான்சிஸ்டரில் வரவே வராது சார்" என்று உருகும். உருகிவிட்டு அடுத்த வாக்கியத்திலேயே, "ஆனால் இந்த வால்வைக் கழற்றிவிட்டு 1960-களின் இங்கிலாந்து வால்வு போட்டுப் பாருங்கள், எங்கேயோ போய்விடும்" என்று அவர் பர்ஸில் கை வைக்கும்.

இரண்டுமே உடான்ஸ். அந்த மனிதரின் திருப்தி உண்மையானது. காரணம்தான் இந்த இரண்டு கோஷ்டியும் சொல்வது அல்ல.

தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன முன்கதை. தாத்தா காலத்து 'வால்வு ரேடியோ' என்று சொல்வார்களே, சுவிட்ச் போட்டதும் பாடாமல், கொஞ்ச நேரம் சூடாகிவிட்டு அப்புறம் நிதானமாகப் பாட ஆரம்பிக்குமே, அதனுள் மினுக்மினுக்கென்று சிவக்கும் கண்ணாடிக் குழல்தான் வால்வு. அமெரிக்கர்கள் டியூப் என்பார்கள். (நம் ஊரில் டியூப் என்றால் டியூப் லைட். ஆகவே வால்வு என்றே வைத்துக்கொள்வோம்.) காற்றை உறிஞ்சி எடுத்த குழலுக்குள் ஒரு முனையைச் சூடாக்கினால் எலக்ட்ரான்கள் கிளம்பி எதிரே இருக்கும் தகட்டுக்கு ஓடும். நடுவில் ஒரு கம்பி வலை. வலையில் கொடுக்கும் சின்ன வோல்டேஜ் மாற்றம் அந்தப் பெரிய ஓட்டத்தைக் கூட்டும், குறைக்கும். 1906-இல் அமெரிக்கர் லீ டி ஃபாரஸ்ட் இந்த வலையை உள்ளே வைத்ததிலிருந்து ரேடியோ, டெலிபோன், சினிமா எல்லாம் இதன் தோளில்தான் ஏறின. 1947-இல் பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. 1960-களில் வீட்டு ஸ்டீரியோக்களிலிருந்து வால்வு மூட்டை கட்ட ஆரம்பித்தது. ஆனால் முழுசாகக் காலி பண்ணவேயில்லை.

பேச்சு அந்தரத்தில் தொங்காமல் இருக்க ஒரு பெட்டியைப் பிடித்துக்கொள்வோம். டைனகோ ஸ்டீரியோ 70. ஃபிலடெல்ஃபியாவில் டேவிட் ஹாஃப்லர் நடத்திய டைனகோ கம்பெனி 1959-இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. கிட்டாக வாங்கினால் 99 டாலர் 95 சென்ட். சாமான்கள் ஒரு பெட்டியில் வரும். கூடவே, எந்தக் கம்பியை எந்த முனையில் பற்றவைக்க வேண்டும் என்று படத்தோடு சொல்லித்தரும் கையேடு. டிரைவர் போர்டு மட்டும் கம்பெனியிலேயே தயாராகி வந்துவிடும், மிச்சமெல்லாம் வாங்கியவர் பாடு. சேனலுக்கு 35 வாட். அவுட்புட்டுக்கு நான்கு இ.எல்.34 வால்வு, டிரைவருக்கு இரண்டு 7199, ரெக்டிஃபயருக்கு ஒரு ஜி.இசட்.34, ஆக ஏழு குழல். மூன்று லட்சத்துக்கும் மேல் விற்றது. அன்றைய 100 டாலர் இன்றைய மதிப்பில் 1000 டாலரைத் தாண்டும், எனவே ஏழைகளின் பெட்டி என்று கதை விட முடியாது. ஆனால் அந்தக் காலத்து மெக்கின்டாஷ், மராண்ட்ஸ் விலைகளுக்குப் பக்கத்தில் வைத்தால், சம்பளக்காரன் எட்டிப் பிடிக்கக்கூடிய பெட்டி. அறுபது வருஷத்துக்கு மேல் ஆகியும் இன்றும் பல வீடுகளில் பாடிக்கொண்டிருக்கிறது.

இனி உருகும் கோஷ்டியைக் கவனிப்போம்.

இவர்கள் சொல்லும் 'விஞ்ஞானம்' இதுதான்: வால்வு இரட்டைப்படை ஹார்மோனிக் கொடுக்கும், அது காதுக்கு இனிமை. டிரான்சிஸ்டர் ஒற்றைப்படை கொடுக்கும், அது கரடுமுரடு. கேட்க நன்றாக இருக்கிறது. கணக்குப் போட்டால் கிழிந்துவிடுகிறது. 440 ஹெர்ட்ஸில் ஒரு ஸ்வரம் என்றால் இரண்டாவது ஹார்மோனிக் 880, அதாவது மேல் ஸ்தாயி அதே ஸ்வரம். சரி, இனிமைதான். மூன்றாவது 1320. அது என்ன? 440-ஐ ஸட்ஜம் என்று வைத்தால் 1320 என்பது மேல் ஸ்தாயிப் பஞ்சமம். தம்பூராவில் ஸட்ஜத்துக்குப் பக்கத்தில் மீட்டுகிறார்களே, அந்தப் பஞ்சமம். ஒற்றைப்படை என்றாலே கரடுமுரடு என்றால் தம்பூராவைத் தூக்கிப் பரணில் போட வேண்டியதுதான். காதை உறுத்துவது ஏழாவது, ஒன்பதாவது என்று மேலே மேலே போகும் ஹார்மோனிக்குகள். அதற்கு வால்வா டிரான்சிஸ்டரா என்பதைவிட சர்க்யூட்டை யார், எப்படி வடிவமைத்தார் என்பதுதான் பதில் சொல்லும்.

அதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. ஸ்டீரியோ 70 ஒரு புஷ்-புல் ஆம்ப்ளிஃபயர். சேனலுக்கு இரண்டு அவுட்புட் வால்வு, ஒன்று தள்ள ஒன்று இழுக்க, இரண்டும் எதிரெதிராக வேலை செய்யும். அந்த அமைப்பின் குணமே, அவுட்புட் வால்வுகளின் இரட்டைப்படை ஹார்மோனிக்குகள் ஒன்றையொன்று பெருமளவு ரத்து செய்துகொள்வதுதான். அதாவது எந்த இனிமைக்காக வால்வைக் கும்பிடுகிறார்களோ, அதை அடக்குவதற்காகவே ஹாஃப்லர் மெனக்கெட்டிருக்கிறார். அது போதாதென்று நெகட்டிவ் ஃபீட்பேக் வேறு. அவர் மட்டுமல்ல, இங்கிலாந்தில் வில்லியம்சன் 1947-இல் 'வயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் வெளியிட்ட, அதன் பிறகு உலகம் முழுக்கப் பேர் கட்டிப் பார்த்த வால்வு ஆம்ப்ளிஃபயரின் இலக்கே டிஸ்டார்ஷனை 0.1 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்துவதுதான். அந்தக் காலத்து வால்வு இன்ஜினியர்கள் பாட்டில் சர்க்கரை கொட்ட உட்காரவில்லை. உள்ளே போனதை அப்படியே பெரிதாக்கி வெளியே அனுப்பப் பார்த்தார்கள். இன்றைய ரசிகர்கள் அவர்களுடைய வெற்றியை விட்டுவிட்டு, ஒழிக்கப் பார்த்த குறையைப் பொட்டு வைத்துப் பூ வைத்துக் கொண்டாடுகிறார்கள்!

(ஃபீட்பேக் இல்லாமல் ஒற்றை 300பி வால்வில் எட்டு வாட் எடுக்கும் சிங்கிள்-எண்டட் ரகம் வேறு ஜாதி. அதில் இரண்டாவது ஹார்மோனிக் நிஜமாகவே தாராளம். ஸ்பீக்கரைப் பொறுத்து ஓசையின் தன்மையும் மாறும், காதாலும் கேட்கலாம். அது பிடித்தவர்களுக்குப் பிடிக்கட்டும். ஆனால் அந்த ரகத்தின் குணத்தை எல்லா வால்வு தலையிலும் கட்டுவது போங்காட்டம்.)

கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் என்ன ஆகிறது? 1978-இல் ஜேம்ஸ் மோயர் அதே 'வயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் ஒரு சோதனையை எழுதினார். இங்கிலாந்தின் குவாட் கம்பெனியின் மூன்று ஆம்ப்ளிஃபயர்கள்: 1953-இல் வந்த வால்வு ரகமான குவாட் 2, அப்புறம் வந்த டிரான்சிஸ்டர் ரகங்களான 303, 405. எது ஓடுகிறது என்று சொல்லாமல் ஆட்களை உட்காரவைத்துக் கேட்கவைத்தார்கள். குருட்டாம்போக்கில் சொல்வதைவிட மேலாக யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. கால் நூற்றாண்டு இடைவெளியில் பிறந்த மூன்று பெட்டிகள், காதுக்கு ஒன்றே.

இன்னும் சுவாரசியமானது 1985-இல் நடந்தது. பாப் கார்வர் என்கிற அமெரிக்க இன்ஜினியர், 'ஸ்டீரியோஃபைல்' பத்திரிகைக்காரர்களிடம், "நீங்கள் தலையில் வைத்து ஆடும் எந்த ஆம்ப்ளிஃபயரையும் கொண்டுவாருங்கள், என்னுடைய மலிவான டிரான்சிஸ்டர் பெட்டியை அதே மாதிரி பாட வைக்கிறேன்" என்று சவால் விட்டார். அவர்கள் எடுத்து வைத்தது கான்ராட்-ஜான்சன் பிரீமியர் ஃபைவ் என்ற விலை உயர்ந்த வால்வு ஆம்ப்ளிஃபயர். கார்வர் ஒரு அறையில் சால்டரிங் அயர்னோடு உட்கார்ந்துவிட்டார். இரண்டு பெட்டிகளின் அவுட்புட்டையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்துப் பார்ப்பது, மிஞ்சுவதைக் குறைப்பது, மறுபடி கழிப்பது. மிச்சம் ஏறக்குறைய ஒன்றுமில்லை என்ற நிலை வரும்வரை இதே வேலை. அப்புறம் பத்திரிகைக்காரர்களை உட்காரவைத்தார். இரண்டு பெட்டிக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை என்று அவர்களே அச்சில் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. வால்வுக்குள் ஆவி எதுவும் குடியிருந்தால் அதைக் கழித்தல் கணக்கில் பிடிக்க முடியாது அல்லவா? பிடித்துவிட்டார்.

இதைக் கேட்டதும் மீட்டர் கோஷ்டி விசிலடிக்கும். பொறுங்கள், உங்கள் டர்ன் வருகிறது.

மீட்டர் கோஷ்டியின் பெரிய அண்ணன் பீட்டர் ஆக்ஸெல். 'தி ஆடியோ கிரிட்டிக்' பத்திரிகையின் ஆசிரியராக இருந்தவர். 2000-இல் அவர் ஆடியோ உலகின் பத்துப் பெரிய பொய்கள் என்று ஒரு பட்டியல் போட்டார். முதலிடம் ஸ்பீக்கர் கேபிளுக்கு, இரண்டாமிடம் வால்வுக்கு. கேபிள் விஷயத்தில் அவருக்குச் சிலையே வைக்கலாம். வால்வு விஷயத்திலும், இன்றைக்கு வால்வால் முடிந்த எதையும் டிரான்சிஸ்டர் மலிவாக முடித்துவிடும் என்பது இன்ஜினியரிங் கணக்கில் தப்பே இல்லை. ஆனால் அவர் வழி வந்த சிஷ்யகோடிகள் அங்கே நிற்பதில்லை. "ஆகவே வால்வுக்காரர் ஏமாளி, பெட்டியை மாற்று" என்று தீர்ப்பும் எழுதிவிடுகிறார்கள்.

எதற்கு மாற்ற வேண்டும்? அவர்கள் வாதப்படியே ஒழுங்காகச் செய்த இரண்டு ஆம்ப்ளிஃபயருக்குக் காதால் வித்தியாசம் கிடையாது. அப்படியென்றால் ஏற்கெனவே ஒழுங்காகப் பாடும் பெட்டியைத் தூக்கிப்போட்டுவிட்டு இன்னொன்று வாங்குவதில் என்ன லாபம்? 0.5 சதவீத டிஸ்டார்ஷன் 0.001 ஆகிறது. காதுக்குத் தெரியாத லாபத்துக்குக் காசு செலவழி என்று சொல்வதற்குப் பெயர் விஞ்ஞானமா? அதே வேலையைத்தானே கேபிள் விற்கிறவனும் செய்கிறான். அவன் கையில் கவிதை, இவர்கள் கையில் வரைபடம். கல்லாப்பெட்டி ஒன்றுதான்.

கரண்ட் பில் என்பார்கள். சரி, கணக்குப் போடுவோம், மூன்றாம் வருஷம் பி.காம். வரை வந்தவர்கள் பயப்பட வேண்டிய கணக்கு அல்ல. இ.எல்.34 வால்வைச் சூடாக்க மட்டும் 6.3 வோல்ட்டில் 1.5 ஆம்பியர், அதாவது ஒன்றுக்கு 9.45 வாட், நான்குக்கு 38 வாட். ரெக்டிஃபயருக்குப் பத்து. பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் நான்கு வால்வும் சேர்ந்து 400 வோல்ட்டுக்கு மேல் 200 மில்லி ஆம்பியர் இழுத்துக்கொண்டே இருக்கும், அது ஒரு 80 வாட். டிரைவர், டிரான்ஸ்ஃபார்மர் சூடு எல்லாம் சேர்த்துத் தோராயமாக 150 வாட் என்று வையுங்கள். தினம் 4 மணி நேரம் கேட்டால் வருஷத்துக்கு 219 யூனிட். அமெரிக்காவில் முப்பது, நாற்பது டாலர். வால்வு தேய்மானம் வேறு. அவுட்புட் வால்வு மூவாயிரம் மணி நேரம் உழைத்தால் இரண்டு வருஷத்துக்கு ஒரு செட், செட்டுக்கு 150 டாலர் என்றால் வருஷத்துக்கு 75. ஆக மொத்தம் வருஷம் 110 டாலர் போல, இருபது வருஷத்தில் 2200.

இது சில்லறை அல்ல, மறைக்க வேண்டியதும் இல்லை. 'வால்வு சிக்கனம்' என்று சொல்கிறவர் பொய் சொல்கிறார். ஆனால் எதிர்ப்பக்கக் கணக்கையும் எழுத வேண்டும், ஒற்றைப் பதிவில் பேலன்ஸ் ஷீட் போட்டால் வாத்தியார் ஃபெயில் போடுவார். ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை 600 டாலர் பெட்டியை மாற்றுகிறவர் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். இருபது வருஷத்தில் நான்கு பெட்டி, 2400. ஏறக்குறைய அதே தொகை. வித்தியாசம், இருபதாவது வருஷக் கடைசியில் கையில் என்ன மிச்சம் என்பதில்தான் வருகிறது. இவரிடம் நான்காவது பெட்டி, அதன் ஆயுளும் முடியப்போகிறது, மூன்று பழைய பெட்டிகள் குப்பையில். வால்வுக்காரரிடம் அதே பழைய பெட்டி, இன்னும் ஓடிக்கொண்டு. நல்ல நிலையில் இருக்கும் ஸ்டீரியோ 70, அன்று கிட்டுக்குக் கொடுத்த 100 டாலரைப்போலப் பல மடங்குக்குக் கைமாறுகிறது. பணவீக்கத்தைக் கழித்தால் பெரிய லாபம் இல்லைதான். ஆனால் புத்தகப்படி 'பயன்படு ஆயுள்' என்று ஒன்று முடிந்து, ஸ்கிராப் மதிப்புக்கு இறங்கியிருக்க வேண்டிய சொத்து, இன்னும் புத்தகத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறது.

ஏன் அப்படி? மேட்டரே இங்கேதான் இருக்கிறது.

வால்வு சாகும். இது அதன் பெரிய பலவீனம், டிரான்சிஸ்டர் அதைத் தோற்கடித்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் சாகும் என்று முன்கூட்டியே தெரிந்ததால், வடிவமைத்தவன் அதைச் சாக்கெட்டில் செருகித்தான் ஆக வேண்டும். வீட்டுக்காரர் கையாலேயே பிடுங்கி வேறு போடும்படி வைத்துத்தான் ஆக வேண்டும். எட்டுக் காலும் எங்கே என்று எல்லாக் கம்பெனியும் ஒத்துப்போயாக வேண்டும். அதனால்தான் 1959-இல் துளையிட்ட சாக்கெட்டில், போன மாதம் ஸ்லோவாக்கியாவின் சாட்சா ஊரில் ஜே.ஜே. கம்பெனி செய்த இ.எல்.34 கச்சிதமாக உட்காருகிறது. எந்தப் பாகம் தோற்கும் என்பதைத் தொடக்கத்திலேயே ஒப்புக்கொண்ட பொருள் அது. இன்றைய பெட்டி 'தோற்கவே தோற்காது' என்று சொல்லிக்கொண்டு பிறக்கிறது. தோற்கும் நாளில் அதைத் திறக்க வழி இருப்பதில்லை.

ஸ்டீரியோ 70-ஐத் திருப்பிப் போட்டுப் பார்த்தால் தெரியும். கம்பிகள் ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரியும், விரலால் தொட்டுப் பின்தொடரலாம். (கரண்டைப் பிடுங்கிவிட்டு, கண்டென்சர்கள் முழுசாக இறங்கிய பிறகு. நானூறு வோல்ட் விளையாட்டல்ல, பிளக்கைப் பிடுங்கினதும் அது ஓடிப்போய்விடுவதும் இல்லை. தெரியாதவர்கள் தெரிந்தவரை வைத்துக்கொள்ளவும்.) சர்க்யூட் டயகிராம் கையேட்டிலேயே அச்சாகி வந்தது. பலவீனமான இடங்கள் எவை என்று இத்தனை வருஷத்தில் ஊருக்கே தெரியும். நான்கு கண்டென்சரை ஒரே டப்பாவில் அடைத்த அந்த அலுமினிய உருளை வற்றிப்போகும், மாற்ற வேண்டும். பயஸ் சப்ளையில் ஒரு செலினியம் ரெக்டிஃபயர் உண்டு. அது சோர்ந்துபோனால் வால்வுகளுக்குக் கடிவாளம் தளர்ந்து, உள்ளே தகடு செக்கச்செவேல் என்று பழுத்துவிடும். அதை எடுத்துவிட்டுச் சில காசு விலையில் ஒரு சிலிக்கன் டயோடு போட்டால் தீர்ந்தது.

அப்புறம் அந்த 1.56 வோல்ட். ஹாஃப்லரின் புத்திசாலித்தனத்துக்கு இது ஒன்றே சாட்சி. பெட்டியின் முன்பக்கமே மீட்டர் வைக்க இடம், சேனலுக்கு ஒரு திருகு. மீட்டரை வைத்து, 1.56 வோல்ட் காட்டும்வரை திருகைத் திருப்பினால் பயஸ் சரி. பின்னால் இருப்பது ஓம் விதி. 15.6 ஓம் ரெசிஸ்டரில் 1.56 வோல்ட் என்றால் 100 மில்லி ஆம்பியர், இரண்டு வால்வுக்கும் தலா 50. அது கொஞ்சம் அதிகம், வால்வு சீக்கிரம் தேயும் என்று இப்போது பலரும் குறைத்தே வைக்கிறார்கள். எவ்வளவு குறைக்கலாம் என்பதுகூட வீட்டுக்காரர் முடிவு. வருஷத்தில் சில முறை ஐந்து நிமிஷம் இந்த வேலையைச் செய்கிறவருக்குத் தன் பெட்டியின் உடல்நிலை தெரியும். எந்த வால்வு தளர்கிறது, எது இன்னும் ஒரு வருஷம் தாங்கும் என்று தெரியும். அவர் அதன் வாடிக்கையாளர் அல்ல, சொந்தக்காரர்.

இருபது வருஷத் திருப்தி என்பது இங்கிருந்துதான் வருகிறது. 'வார்ம்' சவுண்டிலிருந்து அல்ல. (அந்த வார்த்தையைக் கண்டுபிடித்தவரை ஏழு வால்வுக்கு நடுவில் ஏப்ரல் மாதம் உட்காரவைக்க வேண்டும்.)

எதிர்ப்பக்கத்தில் என்ன நடக்கிறது? 2020 ஜனவரியில் சோனோஸ் கம்பெனி ஒரு அறிவிப்பு வெளியிட்டது. அதன் பழைய வயர்லெஸ் ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர் ரகங்கள் சிலவற்றுக்கு அந்த வருஷம் மே மாதத்தோடு புது மென்பொருள் கிடையாது என்று. அவற்றில் சில 2015 வரை தயாரானவை. வாங்கியவர்கள் கொதித்துப்போய்த் தலைமை அதிகாரி மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதும்படி ஆயிற்று. பழையதற்கு ஒரு செயலி, புதியதற்கு ஒரு செயலி என்று பிரித்துச் சமாளித்தார்கள். கவனியுங்கள், அந்தப் பெட்டிகளில் ஒரு கண்டென்சர்கூடக் கெடவில்லை. பாட்டு நேற்று மாதிரியே நன்றாகத்தான் இருந்தது. கெட்டது, எங்கேயோ ஒரு அலுவலகத்தில் எடுத்த முடிவு. அதை மீட்டர் வைத்து அளக்கவும் முடியாது, திருகு வைத்துச் சரிசெய்யவும் முடியாது. 0.001 சதவீத டிஸ்டார்ஷனைப் புகழ்கிற கோஷ்டி இந்த டிஸ்டார்ஷனை எந்த வரைபடத்தில் போடும்?

"டிரான்சிஸ்டர் பெட்டியையும் ரிப்பேர் செய்யலாமே" என்று ஒரு நியாயமான கேள்வி வரும். செய்யலாம். 1970-களின் நல்ல டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர்கள் எத்தனையோ இன்றும் ஓடுகின்றன, அவற்றின் சொந்தக்காரர்களும் இதே திருப்தியில்தான் இருக்கிறார்கள். அதனால்தான் இது வால்வின் மந்திரம் அல்ல என்று இவ்வளவு நேரம் சொல்ல வேண்டியிருந்தது. திறந்து பார்க்க முடிகிற, டயகிராம் கிடைக்கிற, பாகம் மாற்றுகிற பெட்டி எதுவானாலும் சரி. வால்வு ஆம்ப்ளிஃபயருக்கு ஒரே ஒரு விசேஷம், அதனால் மூடிக்கொள்ளவே முடியாது. ஒரு கம்பெனி மனசு வைத்துத் திறந்து வைப்பது வேறு, பொருளே திறந்துதான் இருக்க முடியும் என்பது வேறு.

இதுவும் தோற்ற இடம் உண்டு. டிரைவராகப் போட்ட 7199 பின்னாளில் உற்பத்தி நின்று கிராக்கியாகிவிட்டது. இ.எல்.34 மாதிரி கிடாரிஸ்டுகளின் தயவில் பிழைக்க அதற்குக் கொடுத்துவைக்கவில்லை. மூடின பெட்டியாக இருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். இங்கே என்ன ஆயிற்று? டயகிராம் எல்லார் கையிலும் இருந்ததால், சுலபமாகக் கிடைக்கும் வேறு வால்வுகளை வைத்து, அதே துளைகளில் பொருந்தும் மாற்று டிரைவர் போர்டுகளைப் பல பேர் செய்து விற்க ஆரம்பித்தார்கள். ஹாஃப்லர் எப்போதோ கம்பெனியை விற்றுவிட்டார், அந்தப் பழைய டைனகோவும் இல்லாமல் போய்விட்டது, பெட்டிக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை.

இப்படிப்பட்ட பொருளைத்தான் உருகும் கோஷ்டி இன்னொரு நுகர்வுச் சாமானாக மாற்றப் பார்க்கிறது. 'டியூப் ரோலிங்' என்று ஒரு விளையாட்டு. வால்வு சாவதற்கு முன்பே கழற்றி வேறு போட்டுப் பார்ப்பது, பிறகு இன்னொன்று. ஐம்பது வருஷம் பெட்டி பிரிக்காமல் கிடந்த பழைய வால்வு என்றால் விலை வானத்தில். முல்லார்ட் என்று இங்கிலாந்தின் பழைய பெயர் போட்ட புது வால்வுகள் கிடைக்கின்றன. அந்தப் பெயரின் இன்றைய சொந்தக்காரர் ஒரு அமெரிக்கக் கம்பெனி, வால்வு செய்கிற இடம் ரஷ்யாவின் சரட்டோவ். டங்-சோல், கோல்ட் லயன் என்ற பழம்பெருமைப் பெயர்களும் அதே கம்பெனியின் கையில், அதே தொழிற்சாலையில். ஏமாற்று என்று சொல்ல முடியாது, வால்வு நல்ல வால்வுதான். ஆனால் 'பிரிட்டிஷ் சவுண்ட்' என்று கண் கலங்குகிறவர், வோல்கா கரையை நினைத்துக் கலங்குவதுதான் முறை.

2022 மார்ச்சில் இந்தப் பக்தியின் பொருளாதாரம் பட்டவர்த்தனமாயிற்று. உக்ரைன் போரை ஒட்டி ரஷ்யா பல பொருள்களின் ஏற்றுமதிக்குத் தடை போட்டதும் சரட்டோவ் வால்வுகளின் வரத்து நின்றது. சில வாரங்களில் மறுபடி வந்தது, விலைதான் ஏறியது ஏறியதுதான். அன்றைக்குப் பதறியவர்கள் யார்? பெட்டியில் ஏழு வால்வும், அலமாரியில் உபரியாக ஒரு செட்டும் வைத்துக்கொண்டு, செத்தால் மாற்றுவேன் என்று இருந்தவர் பதறவில்லை. மாதம் ஒரு வால்வு உருட்டிப் பார்க்கிறவர்தான் பதறினார்.

ஆடியோ வியாபாரத்துக்கு வால்வும் எதிரி அல்ல, டிரான்சிஸ்டரும் எதிரி அல்ல. இரண்டையும் நன்றாகவே விற்கிறது. அதற்கு ஒரே எதிரி "போதும்" என்று சொல்கிற ஆள். லெட்ஜரில் அவர் பெயருக்கு ஒரே ஒரு வரவு, அதுவும் என்றைக்கோ. அவரை அசைக்க இரண்டு வழி இருக்கிறது. உன் காது பழுது என்று சொல்லலாம், அல்லது உன் காது உயர்ந்தது, அதற்கு இது போதாது என்று சொல்லலாம். இரண்டு கோஷ்டியும் தங்களுக்குள் ஆயிரம் சண்டை போட்டுக்கொண்டாலும் இந்த வேலையைப் பங்கு போட்டுச் செய்து முடித்துவிடுகின்றன.

அவர் என்ன செய்கிறார்? சாயங்காலம் சுவிட்சைப் போடுகிறார். ஏழு குழலும் மெதுவாகச் சிவக்கக் கொஞ்ச நேரம் ஆகிறது. அதற்குள் எந்த ரெக்கார்டைப் போடுவது என்று தேட ஆரம்பித்திருப்பார்.